ஏழாம் வகுப்பு மகளுக்கு லுக்கேமியா சிகிச்சை: டிசி வாங்கச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம்?

செய்யாறு அம்மா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் மகள் ஊரில் உள்ள அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆடி மாதம் வந்த காய்ச்சல் விடவே இல்லை, கால் வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் அழுதாள், உடம்பில் அங்கங்கே அடிபட்ட மாதிரி நீலத் தடம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து நானும் அவளும் தங்கியிருக்கிறோம். அவள் அப்பா சின்னவனைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே வேலைக்குப் போகிறார், ஞாயிறு மட்டும் வந்து போவார்.

மொத்தம் இரண்டரை வருடம் போல சிகிச்சை, முதல் ஏழெட்டு மாதம்தான் கடுமை, அதற்கப்புறம் பெரும்பாலும் மாத்திரைதான், அப்போது பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொல்கிறார். இந்த வகைப் புற்றுநோய் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

பிரச்சனை பள்ளியில். போன வாரம் அங்கிருந்து கூப்பிட்டு, "இவ்வளவு நாள் வராமல் இருந்தால் எங்களுக்கு மேலிடத்தில் கேள்வி வருகிறது, இப்போதைக்கு டிசி வாங்கிக்கொள்ளுங்கள், குணமானதும் வந்து சேர்த்துவிடுங்கள்" என்றார்கள். அவர்கள் கெட்ட மனதோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை, வகுப்பு டீச்சர் போனிலேயே அழுதார்கள். ஆனால் மகளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கணக்கில் கெட்டிக்காரி. தலைமுடி கொட்டினபோதுகூட அவ்வளவு அழவில்லை, காலாண்டுத் தேர்வு நடக்கிறது என்று தெரிந்த அன்றைக்குத்தான் அழுதாள்.

சொந்தக்காரர்கள் எல்லாம் "பிள்ளை பிழைத்து வந்தால் போதும், படிப்பு எங்கே ஓடிவிடப் போகிறது" என்கிறார்கள். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. டிசி வாங்குவது சரியா? வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க அரசாங்கத்தில் ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா? நான் பத்தாவது வரை படித்தவள், நானே சொல்லிக்கொடுப்பதென்றால் எதை, எவ்வளவு சொல்லிக்கொடுப்பது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழுப்புரம்:

அம்மா, முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். டிசி வாங்காதீர்கள். கையெழுத்துப் போடச் சொல்லி எந்தக் காகிதம் வந்தாலும் போடாதீர்கள்.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. 2019-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று வழிவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் அந்தக் கல்வியாண்டில் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் அதை ரத்து செய்துவிட்டார்கள். ஆகவே நம் அரசுப் பள்ளியில் எட்டு வரைக்கும் ஃபெயில் என்பது கிடையாது. உங்கள் மகள் பேர் பதிவேட்டில் இருந்தாலே அவள் அடுத்த வருடம் எட்டாம் வகுப்பு.

இரண்டாவது காரணத்தை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்த பெண்ணுக்குத்தான் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற கணக்குதான். நடுவில் டிசி வாங்கி, வேறு எங்கோ சேர்ந்து, ஒரு வருடம் எங்கேயும் இல்லாமல் இருந்து, அப்புறம் திரும்பி வந்தால், அந்த இடைவெளிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் அலைய வேண்டும். நோயோடு அலைகிற குடும்பத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

பள்ளி ஏன் இப்படிச் சொல்கிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள், பேசும்போது உதவும். வருகைப்பதிவு இப்போது தினமும் எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் செயலி மூலம் ஏறுகிறது. ஒரு பிள்ளை தொடர்ந்து வரவில்லை என்றால் இடைநிற்றல் பட்டியலில் பேர் விழும், ஏன், என்ன என்று மேலிருந்து கேட்பார்கள். காரணத்துக்கான காகிதம் கையில் இல்லாத தலைமையாசிரியருக்கு டிசிதான் சுலபமான வழியாகத் தெரியும். அந்தக் காகிதத்தை நீங்கள் கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். வெறுமனே "சிகிச்சையில் இருக்கிறார்" என்று இருந்தால் போதாது. எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, ஏறத்தாழ எந்த மாதம் வரை பள்ளிக்கு வர இயலாது, அதற்குப் பிறகு வர வாய்ப்பு உண்டு, அதுவரை வீட்டிலிருந்து படிக்கலாம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். நோயின் பேர் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் "நீண்டகாலத் தீவிர சிகிச்சை" என்று எழுதித் தரச் சொல்லலாம். அத்தோடு நீங்கள் ஒரு விண்ணப்பம் எழுதி, "என் மகளின் பெயரைப் பதிவேட்டில் தொடரவும், பாடங்களை வீட்டுக்கு அனுப்பவும் வேண்டுகிறேன்" என்று கேட்டு இரண்டையும் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். இன்னொரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கோ மாவட்டக் கல்வி அலுவலருக்கோ போகட்டும். அப்படியும் மறுத்தால் பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417, அதில் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் அதுவரை போகாது.

ஒன்று மட்டும் உடனே விசாரியுங்கள். எமிஸில் உங்கள் மகள் பேர் இன்னும் அந்தப் பள்ளியிலேயே இருக்கிறதா, இல்லை காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, தள்ளிவிட்டார்களா? தள்ளியிருந்தால் பயப்பட வேண்டாம், பள்ளியே திரும்ப இழுத்துக்கொள்ள முடியும், ஆனால் இப்போதே செய்யச் சொல்லுங்கள். சென்னையில் தங்கியிருப்பதால் அங்கே ஒரு பள்ளிக்கு மாற்றலாமா என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். நேரில் போக முடியாத பிள்ளைக்கு எந்த ஊர்ப் பள்ளியாக இருந்தால் என்ன? சிநேகிதிகள் இருக்கிற பள்ளியே இருக்கட்டும்.

---

கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி:

அக்கா, எனக்கும் இதே ஏ.எல்.எல்.தான், எட்டாம் வகுப்பு படிக்கும்போது. இப்போது பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம். சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன, நன்றாக இருக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.

எதை எவ்வளவு சொல்லிக்கொடுப்பது என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா ஆரம்பத்தில் பள்ளி டைம்டேபிள் மாதிரி ஒன்று போட்டு சுவரில் ஒட்டினார்கள், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஏனென்றால் இந்த சிகிச்சையில் நாள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஸ்டீராய்டு மாத்திரை போடுகிற நாட்களில் பசி, கோபம், தூக்கமில்லாமை, காரணமே இல்லாத அழுகை. அப்போது புத்தகத்தைக் காட்டினால் எறியத் தோன்றும். முதுகில் ஊசி போட்ட அன்று தலையைத் தூக்கவே முடியாது. ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கியிருக்கிற நாட்களில் படுத்தே கிடப்பேன். ஆனால் நடுவில் நல்ல நாட்கள் வரும், அன்றைக்குப் பசி எடுக்கிற மாதிரி படிப்பு கேட்கும். அந்த நாளை விட்டுவிடாதீர்கள். இருபது நிமிடம், அப்புறம் ஓய்வு, வேண்டுமென்றால் இன்னொரு இருபது நிமிடம். அவளாகப் போதும் என்றால் போதும்.

எனக்கு இருந்த பெரிய கஷ்டம் எழுதுவதுதான். வின்கிரிஸ்டின் என்று ஒரு ஊசி போடுவார்கள், அது நரம்பைக் கொஞ்சம் பாதிக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாது, பேனா விரலிலிருந்து நழுவும், என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை. பிள்ளை சோம்பல் படுகிறாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் அக்கா. டாக்டரிடம் சொல்லுங்கள், பிசியோதெரபிஸ்ட் விரலுக்குப் பயிற்சி சொல்லித்தருவார். அதுவரை அவள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். கணக்கைக்கூட நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார்கள், அம்மாவுக்கு அல்ஜீப்ரா தெரியாது, ஆனால் நான் அவர்களுக்கு விளக்கிச் சொன்னதிலேயே எனக்குப் பாடம் நின்றுவிட்டது. கை சில மாதங்களில் பழையபடி ஆகிவிட்டது. சீக்கிரம் களைப்பது, படித்தது நினைவில் நிற்க நேரம் ஆவது இதெல்லாம் கொஞ்ச காலம் இருந்தது, திரும்பத் திரும்பப் படித்துத்தான் சரிசெய்தேன்.

பாடத்தில் கணக்கையும் ஆங்கிலத்தையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கணக்கில் ஒரு அத்தியாயம் போனால் அடுத்தது நிற்காது. அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் கல்வித் தொலைக்காட்சியில் படுத்துக்கொண்டே பார்க்கலாம், புத்தகத்தில் இருக்கிற க்யூஆர் குறியீட்டை போனில் காட்டினாலும் வீடியோ வரும். தமிழுக்கு நான் வெறும் கதைப் புத்தகம்தான் படித்தேன், அதுவே போதுமானதாக இருந்தது.

படிப்பைவிட எனக்கு முக்கியமாக இருந்தது இன்னொன்று. என் சிநேகிதி தினமும் சாயங்காலம் கரும்பலகையை போட்டோ எடுத்து அவள் அப்பா போனிலிருந்து அனுப்புவாள், கூடவே இன்றைக்கு யார் யாரோடு சண்டை, யார் பெஞ்சு மாறினார்கள் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அந்தக் கதைதான் எனக்கு வேண்டும். திரும்பப் போனபோது நான் புதுப் பெண்ணாகப் போகவில்லை. டீச்சரிடம் கேட்டு இப்படி ஒரு பிள்ளையை ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் மகளை என்னோடு பேசச் சொல்லவும் முடியும் என்றால் நான் தயார், இங்கே தனிச்செய்தி அனுப்புங்கள்.

---

சிறப்புப் பயிற்றுநர், வட்டார வள மையம்:

வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, ஆனால் உங்களுக்கு நேராகப் பொருந்துமா என்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வீட்டுவழிக் கல்வி என்று ஒரு பிரிவு, நான் அதில்தான் வேலை செய்கிறேன். பள்ளிக்கு வரவே முடியாத, கடுமையான மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளின் வீட்டுக்கு எங்களைப் போன்ற சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் போவோம். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் அப்படிப்பட்ட குழந்தைகள் வீட்டிலிருந்தே படிப்பதை ஒரு உரிமையாகவே சொல்கிறது. ஆனால் எங்கள் பட்டியல் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளை ஒட்டியது. தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் நோய், தசைச் சிதைவு எல்லாம் அதில் உண்டு. புற்றுநோய் இல்லை. இது எனக்கே மனவருத்தம் தருகிற ஓட்டை, ஏனென்றால் ஒரு வருடம் முழுக்கப் படுக்கையில் இருக்கிற குழந்தைக்குத் தேவை அதேதான்.

அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். தலைமையாசிரியர் மூலமாக எங்கள் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். முறையான பட்டியலில் சேராவிட்டாலும், நீங்கள் ஊருக்குத் திரும்பின பிறகு அந்தப் பகுதிக்குப் போகிறவர் வழியில் உங்கள் வீட்டையும் எட்டிப் பார்க்கலாம், நாங்கள் பலர் அப்படிச் செய்கிறோம். சிகிச்சையால் நடையிலோ கையிலோ பாதிப்பு நீடித்தால் அப்போது மருத்துவச் சான்றுக்கு முயற்சி செய்யலாம். சென்னையில் இருக்கும்வரை, உங்கள் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைக் கேளுங்கள். குழந்தைகள் புற்றுநோய் வார்டுகளில் சில இடங்களில் தொண்டு நிறுவனங்கள் ஆசிரியரையோ தன்னார்வலரையோ அனுப்புகின்றன. யாரும் வந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, திரும்பப் பள்ளிக்குப் போகும் நாளுக்கு முன்னாலேயே வகுப்பு ஆசிரியர் மற்ற பிள்ளைகளிடம் பேசியாக வேண்டும். இது தொற்றாது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், தொப்பியை இழுத்து விளையாடக் கூடாது, இவ்வளவு சொன்னால் போதும், பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பெரியவர்களைவிட வேகமாகவே புரிந்துகொள்வார்கள். ஆனால் அம்மையோ தட்டம்மையோ வகுப்பில் யாருக்காவது வந்தால் அன்றைக்கே உங்களுக்கு போன் வர வேண்டும் என்று சொல்லிவையுங்கள். நம் ஊரில் அம்மை போட்டால் வெளியே சொல்லாமல் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு அந்தத் தகவல் ஒரு நாள் தாமதமானாலும் ஆபத்து, கேள்விப்பட்டதும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

---

மதுரை அப்பா:

என் பையனுக்கு தலசீமியா, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். சிபிஎஸ்இ பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. சகோதரி கேட்டதோடு நேரடியாகச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சிபிஎஸ்இ பெற்றோர் யாராவது இதைப் படித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

இங்கே 75 சதவீத வருகை கட்டாயம். நீண்ட நோய்க்குத் தளர்வு உண்டு, ஆனால் அது தானாக வராது, பள்ளி ஆவணங்களோடு மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினால்தான். அதனால் ஒவ்வொரு முறை ரத்தம் ஏற்றும்போதும் ஒரு சீட்டு வாங்கி அந்த வாரமே பள்ளியில் கொடுத்துவிடுகிறேன், வருடக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோனால் யாரும் மதிப்பதில்லை. உண்மையில் எங்களுக்குத் தேவை ஒரு நாள் விடுப்பு மட்டும்தான், ஆனால் ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய சில நாட்கள் அவன் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குவான். அது ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் கவனமில்லாத பையன் என்று பேர் வந்துவிடும். ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் மாறியது.

என் தங்கை மகனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ். அவன் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதினான். 14 வயது முடிந்தால் சேரலாம், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, ஒரு பருவத்தில் இரண்டு பாடம் அடுத்ததில் மூன்று பாடம் என்று பிரித்து எழுதலாம். அவனுக்கு அது கைகொடுத்தது. உங்கள் மகளுக்கு இப்போது அது தேவைப்படாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

---

செய்யாறு அம்மா:

எல்லோருக்கும் கும்பிட்டு நன்றி சொல்கிறேன். தலைமையாசிரியர் ஐயா சொன்னபடியே டாக்டரிடம் கேட்டேன், அவர் யோசிக்காமல் உடனே எழுதிக் கொடுத்தார், இதைக் கேட்கத் தெரியாமலே பலர் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள் என்றார். அவள் அப்பா திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோகிறார். எமிஸில் பேர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது என்று டீச்சர் பார்த்துச் சொன்னார்கள். தங்கச்சி, உன் பதிலை மகளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். பேனா நழுவும் என்கிற இடத்தில் தன் கையைப் பார்த்தாள். உனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், அவள்தான் அனுப்பச் சொன்னாள்.

ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. எட்டு வரை சரி, ஒன்பதாவது, பத்தாவது என்ன ஆகும்? சிகிச்சை முடியும்போது அவள் ஒன்பதில் இருப்பாள்.

---

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழுப்புரம்:

நல்ல காரியம் அம்மா. எட்டாம் வகுப்பு தொடக்கத்திலிருந்தே அவள் நேரில் வரத் தொடங்கிவிடுவாள் என்று டாக்டர் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஒன்பதுக்குள் ஓரளவு ஈடுகட்டிவிடலாம். ஒன்பதில் எட்டு மாதிரியான சட்டப் பாதுகாப்பு இல்லை, அதனால் அந்த வருடம் மாத்திரைக்காகவும் பரிசோதனைக்காகவும் எடுக்கிற விடுப்புக்கெல்லாம் மருத்துவச் சீட்டு கொடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் அரை நாள் வந்து போகட்டும், மதியச் சாப்பாட்டுக்கு முன் கணக்கு, ஆங்கிலம் வருகிற மாதிரி வகுப்பு ஆசிரியர் பாட வேளையை மாற்றிக் கொடுப்பது பெரிய வேலை இல்லை, நான் செய்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போது கையில் பிரச்சனை நீடித்தால், மாற்றுத்திறன் சான்று உள்ளவர்களுக்கு, சொல்வதை எழுத ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. அதற்குப் பள்ளி மூலமாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு நேரத்தில் ஓடினால் கிடைக்காது. ஒன்பதாவது முடியும்போதே தலைமையாசிரியரிடம் நினைவுபடுத்துங்கள். ஏதாவது ஒரு பாடம் அன்றைக்கு எழுத முடியாமல் போனாலும் முடிவு வந்த கையோடு துணைத்தேர்வு இருக்கிறது, வருடம் போகாது.

திங்கட்கிழமை பள்ளியில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். முத்திரை போட்ட நகலை மருத்துவ ஃபைலோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.